தோள் மாற்ற யாரும் வரவில்லை

மகனே,

போன ஞாயிற்றுக்கிழமை நான் உன்னைப் பார்த்துக் கத்தினேன். நீ இலையைப் பாதியில் மடித்துவிட்டுத் திருவெறும்பூர் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டாய். அன்றிலிருந்து உன் அம்மா என்னோடு பேசுவது உப்பு போதுமா, கதவைச் சாத்தவா என்ற அளவில்தான். "குழந்தையைச் சாப்பிட விடாம துரத்திட்டேளே, நன்னாருக்கா?" என்று மட்டும் ஒரு தடவை கேட்டாள். தொழிற்சாலையில் பயிற்சி முடிக்கப்போகிற, கன்னத்தில் தினமும் சவரக்கத்தி ஓடுகிற குழந்தை! இந்த விஷயத்தில் வாயைத் திறந்தால் மூன்றாவது வாக்கியத்தில் எனக்குக் குரல் ஏறிவிடுகிறது. அப்புறம் நான் சொன்னது சரியா தவறா என்பது போய், நான் கத்தியதுதான் பேச்சாகிவிடுகிறது. அதனால் எழுதுகிறேன். கோபம் ஆறிவிட்டது என்று நினைத்துவிடாதே. காகிதத்தில் அதற்கு மூச்சு வாங்காது, அவ்வளவுதான்.

நடந்தது இது. மாநிலக் கால்பந்து அணியின் பயிற்சி முகாமுக்கு நம் ஜில்லாவிலிருந்து ஒரே ஒரு ஹாஃப் பேக் போகலாம். தேர்வு ஆட்டங்களைப் பார்த்தவர்கள் எல்லாரும் உன் பெயரைச் சொன்னார்கள். ஜில்லா சங்கத்தின் காரியதரிசி வைத்தியநாதன் உன்னைப் புத்தூரில் உள்ள தன் வீட்டுக்கு அழைத்தார். காபி கொடுத்தார். தோளில் கை போட்டார். அவருடைய தங்கை பிள்ளைக்கு வயது ஏறுகிறதாம், இந்த வருஷம் விட்டால் அவனுக்கு வேறு வாய்ப்பு இல்லையாம். "நீ சின்னவன்டா, கொஞ்சம் விட்டுக்கொடு, அடுத்த வருஷம் நிச்சயம் நீதான்" என்றார். வெள்ளிக்கிழமை காலை அவர் வீட்டுக்கே போய், முழங்கால் வலி, முகாமுக்கு வர இயலவில்லை என்று உன் கைப்பட எழுதிக் கொடுப்பதாக ஒத்துக்கொண்டு வந்திருக்கிறாய். உன் முழங்காலுக்கு ஒரு குறையும் இல்லை. அதை இந்த ஊரில் எனக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது.

இதற்கு நடுவே ஒரு வேடிக்கை. வைத்திக்கு ஐம்பது வயது நிறைகிறதாம். பாராட்டு விழாவாம், மலர் போடுகிறார்களாம். கூட ஆடியவன், பி.ஏ. படித்தவன், தமிழ் பிழையில்லாமல் எழுதுகிறவன் என்று என்னிடம் இரண்டு பக்கம் கேட்டு ஆள் அனுப்பினார்கள். எழுதிக்கொண்டிருக்கிறேன். நீ படிப்பதுதான் அந்த இரண்டு பக்கம், கொஞ்சம் நீண்டுவிட்டது. ஒரு நகல் மலர்க் குழுவுக்குப் போகும். போடமாட்டார்கள். இன்னொரு நகலைப் பொன்மலை ரயில்வே இன்ஸ்டிடியூட்டின் அறிவிப்புப் பலகையில் நானே குத்திவைப்பேன். என் பெயரோ உன் பெயரோ அதில் இருக்காது. மகனே என்று விளிக்கிற அப்பா ஊரில் நான் ஒருவன்தானா?

நீ பிறந்த குடும்பம் எது என்று உனக்குத் தெரியும். ஆனால் நீ பல்லக்குத் தண்டுக்கு அடியில் நின்றதில்லை. உன்னை நான் நிற்க விடவில்லை. உன் தாத்தா ஸ்ரீபாதம் தாங்கி. ஸ்ரீரங்கத்துப் பெருமாள் புறப்படும்போது தோளுக்கினியானைத் தோளில் ஏற்றிச் சுமக்கிற கூட்டத்தில் ஒருவர். நானும் மீசை முளைத்த வயதிலிருந்து சுமந்தவன். அந்தப் பல்லக்குக்குத் தோளுக்கினியான் என்று பெயர் வைத்தவர் நிச்சயம் அதைச் சுமந்திருக்கமாட்டார். பார்க்கிறவர்களுக்கு அது சிங்கநடை. சுமக்கிறவனுக்கு முன்னால் போகிறவனின் முதுகு, பக்கத்தில் இருக்கிறவனின் மூச்சு, தண்டின் விளிம்பு, இவ்வளவுதான் உலகம். ஒருத்தன் கால் இடறினால் அவன் பாரம் பக்கத்துத் தோளுக்கு வரும். வந்தால் வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்கிக்கொண்டேன் என்று முகத்தில் கூடத் தெரியக்கூடாது. பெருமாள் ஆடக்கூடாது.

அதில் இன்னொரு வழக்கமும் உண்டு. தண்டின் பக்கத்திலேயே மாற்று ஆட்கள் நடந்து வருவார்கள். உனக்கு முடியவில்லை என்றால் நீ கேட்கக்கூடாது. பக்கத்தில் வருகிறவன் உன் கழுத்து நரம்பைப் பார்ப்பான், கால் வைக்கிற விதத்தைப் பார்ப்பான், தானே வந்து தோளைக் கொடுப்பான். அவன் "ஆச்சு" என்று சொன்ன பிறகுதான் நீ வெளியே வரலாம். எத்தனையோ வருஷம் சுமந்ததில் எனக்குத் தோள் மாற்ற ஆள் வராமல் போனதே இல்லை. "கேட்டு வாங்கறவன் சுமக்கறவன் இல்லேடா" என்பார் உன் தாத்தா. அந்த வார்த்தை தண்டுக்கு அடியில் வேதம். தண்டுக்கு வெளியே அது விஷம். அதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. உனக்கு நான் சொல்கிறேன்.

நான் பந்தாட ஆரம்பித்தது கல்லூரியில். தோல் பந்தை உதைத்துவிட்டு வந்தவன் பெருமாளைத் தொடலாமா என்று வீதியில் இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். உன் தாத்தா, "காவேரில முழுகிட்டு உள்ளே வா" என்றார் என்னிடம். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. படிப்பு முடிந்ததும் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப் ஆபீசில் குமாஸ்தா வேலை கிடைத்தது. என் பி.ஏ.வைப் பார்த்துக் கொடுத்தார்கள் என்று நான் சொல்லிக்கொள்வேன். என் காலைப் பார்த்துத்தான் கொடுத்தார்கள். ரயில்வே அணியில் நான் சென்டர் ஹாஃப். மைதானத்தின் நடுவில் நின்று, முன்னால் ஓடுகிறவர்களுக்குப் பந்தை எடுத்துக் கொடுக்கவும், பின்னால் நிற்கிறவர்களுக்கு அரணாகத் திரும்பி ஓடவும் வேண்டிய ஆள். கோல் போடுகிறவன் பெயர் பேப்பரில் வரும். கோலைத் தடுக்கிறவனைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போவார்கள். நடுவில் இருக்கிறவன் சரியாக ஆடினால், அன்றைக்கு ஆட்டம் லேசாக இருந்தது என்று மற்றவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

என் வலது பக்கம் ஆடியவர் வைத்தி. வக்கீல் வீட்டுப் பிள்ளை, அணித்தலைவர். நல்ல உயரம், வெள்ளைக் காலுறை, படிய வாரிய தலை. அவரிடம் அழகான ஓர் உதை இருந்தது. அதை நான் மறுக்கமாட்டேன். நின்ற இடத்திலிருந்து பந்தை மைதானத்தின் மறுகோடிக்கு அனுப்புவார். ஆனால் நின்ற இடத்திலிருந்துதான் அனுப்புவார். ஓடுவது அவருக்கு ஆகாது. எதிராளி அவரைத் தாண்டிப் போகும்போதெல்லாம் நான் நடுவிலிருந்து ஓடிப்போய் மறிப்பேன், பந்தைப் பிடுங்குவேன், பக்கத்தில் வியர்க்காமல் நிற்கிற அவரிடமே கொடுப்பேன். அவர் அதை அழகாக உதைப்பார். கூட்டம் கைதட்டும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் என் முதுகில் தட்டி, "நீ இருக்கேடா, எனக்கென்ன பயம்?" என்பார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

எங்கள் கோல்கீப்பர் ஜமாலை உனக்குத் தெரியும், பெரிய கடை வீதியில் கடை வைத்திருக்கிற உன் ஜமால் மாமா. கோல்கீப்பருக்கு முழு மைதானமும் தெரியும். அவன் பின்னாலிருந்து கத்துவான்: "யோவ் அய்யங்காரே! அது அவன் எடம்யா! உன் எடத்துக்கு வா! பந்தாடுறியா, பல்லக்குத் தூக்குறியா?" மைதானமே சிரிக்கும். வைத்தியும் சிரிப்பார். நானும் சிரித்தேன். அவன் சொன்னது எனக்குக் கேலியாகத்தான் பட்டது. பக்கத்துத் தோளின் பாரம் என் தோளுக்கு வந்தால் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதில் அன்றைக்கு எனக்குச் சந்தேகமே கிடையாது.

அப்போதுதான் ருமேனியாவிலிருந்து ரயில்வேக்காரர்களின் அணி ஒன்று நம் நாட்டுக்குச் சுற்றுப்பயணம் வந்தது. பொன்மலையிலும் ஓர் ஆட்டம் என்றார்கள். அதைப் பார்க்க இந்திய அணிக்கு ஆள் எடுக்கிறவர்கள் சென்னையிலிருந்து வருகிறார்கள் என்றும் சொன்னார்கள். ஆட்டம் வைத்த நாள் ஸ்ரீரங்கத்துக் கோயிலில் தை மாதத் திருநாள். அன்றைய காலைப் புறப்பாட்டில் எனக்கு முறை. இரண்டில் ஒன்றை விட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. காலையில் உத்தர வீதியெல்லாம் சுமந்தேன். குளித்தேன். மோர் சாதம் சாப்பிட்டேன். சைக்கிளில் காவேரிப் பாலம் தாண்டிப் பாலக்கரை வழியாகப் பொன்மலைக்கு மிதித்தேன். தோளில் தண்டு பதிந்த இடம் சிவந்து, சட்டை உரசினால் எரிந்தது. மைதானத்தைச் சுற்றித் தலை தலையாகக் கூட்டம். தொழிலாளிகள் நிறுத்தி வைத்திருந்த சரக்கு வண்டிகளின் மேலெல்லாம் ஏறி உட்கார்ந்திருந்தார்கள்.

ருமேனியாக்காரர்களின் இடது பக்கத்தில் ஒரு பையன் ஆடினான். முயல். வைத்தியை அவன் முதல் தடவை தாண்டியபோது நான் ஓடினேன். அடுத்த தடவையும் ஓடினேன். பாதி நேரத்துக்குள் நான் நடுவில் நின்றதைவிட வலது ஓரத்தில் நின்றதுதான் அதிகம். நான் விட்டுப்போன நடுவில் அவர்கள் தாராளமாக உலாவினார்கள். ஜமால் தொண்டை கிழியக் கத்தினான். வைத்தி இடுப்பில் ஒரு கை வைத்துக்கொண்டு இன்னொரு கையால் எனக்கு இடம் காட்டிக்கொண்டிருந்தார். தூரத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும் என்று யோசித்துப் பார். ஒருவர் அசையாமல் நின்று ஆணையிடுகிறார். இன்னொருவன் தன் இடம் எது என்று தெரியாமல் அங்குமிங்கும் அலைகிறான்.

எனக்கு நேர் எதிரே அவர்களுடைய சென்டர் ஹாஃப். முன்தலை வழுக்கை, முழங்காலில் கட்டு, எங்கள் எல்லாரையும்விட வயதில் மூத்தவர். கால் அதிகம் ஓடவில்லை. வாய் ஓயவே இல்லை. பந்து வேண்டுமென்றால் கத்திக் கேட்டார். நடுவரிடம் கேட்டார். முன்னால் போனவன் திரும்பி வராவிட்டால் கூப்பிட்டுக் கேட்டார். அவருடைய பக்கத்து ஆள் ஒருமுறை சோம்பலாக நின்றுவிட்டான், பெரிய ஓட்டை. நான் அவர் இடத்தில் இருந்திருந்தால் பாய்ந்து போய் அடைத்திருப்பேன். அவர் நகரவில்லை. தன் இடத்திலேயே நின்று, கையை அகல விரித்து அந்த ஓட்டையைக் காட்டினார். சரக்கு வண்டி மேல் இருந்தவனுக்குக் கூட அது யாருடைய ஓட்டை என்று தெரிந்துவிட்டது. அதன் வழியாகப் போய்த்தான் நாங்கள் எங்கள் ஒரே கோலைப் போட்டோம். அவர் தலையைக் குனிந்துகொள்ளவில்லை. நேரே அந்த ஆளிடம் போய் நாலு வார்த்தை சொன்னார். மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. அதன் பிறகு அந்த ஆள் ஓடிய ஓட்டம் இருக்கிறதே! அவர்கள் போட்ட கோல்களை எண்ணுவதை ஜமால் நிறுத்திவிட்டான்.

ஆட்டம் முடிந்து இன்ஸ்டிடியூட்டில் டீயும் போண்டாவும் கொடுத்தார்கள். கூட வந்த மொழிபெயர்ப்பாளர் அந்த வழுக்கைத் தலைக்காரரின் கதையைச் சொன்னார். என்ஜின் ஷெட்டில் எடுபிடியாக வேலைக்குச் சேர்ந்து, ஷெட்டுக்குப் பின்னால் ஆடிப் பழகி, நாட்டு அணிக்குப் போனவராம். நடுவில் ஒருமுறை காரணம் சொல்லாமல் நீக்கிவிட்டார்களாம். இவர் தேர்வுக் குழுவின் ஆபீஸ் வராந்தாவில் போய் உட்கார்ந்து, காரணத்தைச் சொல்லுங்கள், கேட்டுவிட்டுப் போகிறேன் என்றாராம். தினமும் போனாராம். அவர்களுக்கே வெட்கமாகிக் கடைசியில் திரும்ப எடுத்துக்கொண்டார்களாம். இந்தச் சுற்றுப்பயணத்தோடு ஆட்டத்தை நிறுத்துகிறார், ஊர் திரும்பியதும் தன்னை வழியனுப்ப ஒரு கடைசி ஆட்டம் வேண்டும் என்று கேட்டு வாங்கிவிட்டார் என்று மொழிபெயர்ப்பாளர் சொன்னபோது, அவர் போண்டாவை மென்றுகொண்டே தலையை ஆட்டினார். எனக்கு அன்றைக்கு அருவருப்பாகத்தான் இருந்தது. கடைசி ஆட்டத்தைக் கூடவா ஒரு மனிதன் கேட்டு வாங்குவான் என்று நினைத்தேன்.

சட்டை மாற்றும்போது அவர் என் தோளைப் பார்த்துவிட்டார். என்ன காயம் என்று சைகையில் கேட்டார். நான் சொல்வதற்குள் ஜமால் வானத்தைக் காட்டி, கும்பிட்டு, தோளில் எதையோ ஏற்றிக்கொண்டு நாலு எட்டு ஆடி ஆடி நடந்து காட்டினான். அறையே சிரித்தது. ருமேனியாக்காரர் என்னவோ கேட்டார். "கடவுளைத் தவிர வேற யாரையெல்லாம் சுமக்கறீங்கன்னு கேக்கறாரு" என்றார் மொழிபெயர்ப்பாளர். ஜமால் ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. "வேற ஒருத்தரைத்தான் சார். அதோ, கசங்காத சட்டையோட டீ குடிக்கிறாரே, அவரை" என்றான். வைத்தி காதில் விழுந்தது. அவர் சிரிக்கவில்லை. அப்போதாவது எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

இந்திய அணிக்கு வைத்தியை எடுத்தார்கள். இடம் பெயராமல் ஆடுகிறவர், நிதானமானவர் என்று சொன்னார்களாம். போவதற்கு முன்னால் அவர் நம் வீட்டுக்கு வந்தார். உன் அம்மா காபி கொடுத்தாள். "அங்க போய் உன் பேரைச் சொல்றேன்டா. அடுத்த வருஷம் நிச்சயம் நீதான்" என்றார். இந்த வார்த்தையை நீ எங்கேயோ கேட்டிருக்கிறாய், இல்லையா? ஒரு எழுத்து மாறாமல் அதையே இன்றைக்கு உன்னிடமும் சொல்லியிருக்கிறார். மனிதருக்குப் புதிதாகப் பொய் சொல்லக் கூடச் சோம்பல்.

நான் காத்திருந்தேன். தண்டுக்கு அடியில் காத்திருப்பதுபோல, முகத்தில் எதையும் காட்டாமல், யாராவது பக்கத்தில் நடந்து வருவார்கள், பார்த்துத் தோள் கொடுப்பார்கள் என்று. அடுத்த வருஷம் வந்தது. அதற்கடுத்த வருஷமும் வந்தது. வைத்தி வெளிநாடு போய் ஸ்வெட்டரோடு திரும்பினார். ஆபீசர் ஆனார். பிறகு சங்கத்தின் காரியதரிசி ஆனார். நான் ஆடிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் பலகையில் ஒட்டிய அணிப் பட்டியலில் என் பெயர் இல்லை. யாரும் கூப்பிட்டுச் சொல்லவில்லை. கடைசி ஆட்டம் என்று தெரிந்திருந்தால் அன்றைக்குக் கொஞ்சம் கவனித்து ஆடியிருப்பேன். யாரோடு ஆடினோம் என்பதுகூட இப்போது நினைவில்லை. இன்ஸ்டிடியூட் சுவரில் தொங்குகிற குழுப் படத்தைப் பார். வைத்தி நடுவில் காலடியில் பந்தோடு உட்கார்ந்திருப்பார், பின்வரிசையில் ஜமாலின் தோளுக்குப் பின்னால் தெரிகிற அரை முகம் நான்.

இதையெல்லாம் விதி என்று விட்டிருப்பேன். விடவிடாமல் செய்தது ஒரு நாள். அன்றைய தேர்வாளர்களில் ஒருவர், ரயில்வே அதிகாரி, வேறு வேலையாக ஒர்க்‌ஷாப்புக்கு வந்திருந்தார். ஃபைலை நீட்டிய என்னை அடையாளம் கண்டுகொண்டார். "நீங்கதானே அந்த சென்டர் ஹாஃப்? உங்களை எடுக்கணும்னு நான் பேசினேனே. நீங்க கோயில் வேலையை விட்டுட்டு வெளியூர் வரமாட்டீங்கன்னு உங்க கேப்டன் சொன்னார். நீங்களும் ஒரு வார்த்தை எழுதிக் கேக்கலையே" என்றார். சாதாரணமாகச் சொன்னார், மழை வருமா என்று கேட்பதுபோல. நான் ஃபைலை வாங்கிக்கொண்டு என் நாற்காலிக்கு வந்தேன். என் பெருமாளைத் தூக்கி என் தலையிலேயே போட்டிருக்கிறார் வைத்தி. அதைவிட எரிந்தது கடைசி வாக்கியம். நீங்களும் ஒரு வார்த்தை கேட்கவில்லையே. அந்த வாரத்தோடு நான் தண்டை விட்டேன். உன் தாத்தா ஏன் என்று கேட்கவில்லை. கேட்பது எங்கள் வழக்கமில்லையே!

இப்போது உன் கதைக்கு வருகிறேன். கோடையில் வறண்ட கொள்ளிடத்து மணலில் உனக்குப் பந்து பழக்கியவன் நான். ஈர மணலில் ஓடினால் காலுக்கு வலு வரும் என்றேன். இடம் பார்த்து நில் என்றேன். எல்லாம் சரியாகத்தான் கற்றுக்கொடுத்தேன் என்று நினைத்திருந்தேன். நீ சின்னவனாக இருந்தபோது பள்ளிக்கூடத்தில் முக்கொம்புக்கு அழைத்துப் போனார்கள், நினைவிருக்கிறதா? எல்லாப் பிள்ளைகளும் தங்கள் தூக்குச் சட்டிகளை உன்னிடம் கொடுத்துவிட்டு மதகுப் பக்கம் ஓடிவிட்டார்கள். திரும்பும்போது நீ அத்தனையையும் கழுவி அடுக்கிக்கொண்டிருந்தாய். பஸ் போய்விட்டது. தொட்டியத்திலிருந்து வாழைத்தார் ஏற்றி வந்த லாரிக்காரர் ஒருவர் உன்னை இரக்கப்பட்டு ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். சட்டையெல்லாம் வாழைக்கறை, கைநிறையத் தூக்குச் சட்டிகள். "ஏன்டா, பஸ் கிளம்பறச்சே ஒரு குரல் குடுக்கப்படாதோ?" என்றாள் உன் அம்மா. "அவாளே பாத்து நிறுத்துவான்னு நெனச்சேம்மா" என்றாய். அவள் அழுதாள். நான் சிரித்தேன். நம் வீட்டுப் பிள்ளை என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். அந்தப் பெருமையை இன்றைக்கு நினைத்தால் பல்லைக் கடிக்கிறேன்.

ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமை நீ அதையேதான் சொன்னாய். "நான் போய்க் கேட்டா நன்னாருக்காதுப்பா. வைத்தி மாமாவே பாத்துப்பார்" என்றாய். அந்த இடத்தில்தான் எனக்குக் குரல் ஏறியது. விட்டுக்கொடுப்பது நல்ல குணம் என்று யாரோ உனக்குச் சொல்லியிருக்கிறார்கள். அது அநேகமாக நான்தான். உன்னிடம் இருக்கிற பொருளை இல்லாதவனுக்குக் கொடு, நான் தடுக்கமாட்டேன். ஆனால் இடம் என்பது பொருள் அல்ல. நீ நகர்ந்தால் அங்கே இன்னொருவன் நிற்பான், அவ்வளவுதான். அவன் நின்றது அவன் திறமை என்றும், நீ நகர்ந்தது உன் குறை என்றும் எழுதிவிடுவார்கள். அதிலும் உன் கையாலேயே முழங்கால் வலி என்று எழுதித் தரப்போகிறாய். எனக்காவது வைத்தி தானே பொய் சொன்னார். உன் விஷயத்தில் அந்த வேலையையும் உன் தலையில் கட்டிவிட்டார். அடுத்த வருஷம் உன் பெயர் வரும்போது, முழங்கால் சரியில்லாத பையன் என்று அதே காகிதத்தை எடுத்துக் காட்டுவார். பார்த்துக்கொண்டே இரு.

அந்தத் தங்கை பிள்ளைமேல் எனக்குக் கோபமில்லை. அவனுக்கும் மாமாவின் தோளில் ஏறித்தான் பழக்கம். இறங்கி நடந்தால் அவனுக்கும் நல்லது.

இதுவரை எழுதியதை இன்று சாயங்காலம் உன் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டாள். முடிந்ததும் முறத்தைக் கீழே வைத்தாள். "எல்லாம் சரி. அவனைக் கேளு கேளுன்னு இத்தனை எழுதியிருக்கேள். நீங்க இந்த ஜென்மத்துல யார்கிட்ட என்ன கேட்டிருக்கேள்? என்கிட்டக்கூடத் தண்ணி வேணும்னு கேட்டதில்லை; தொண்டையைச் செருமுவேள், நான் பாத்துக் கொண்டுவந்து வைப்பேன்" என்றாள். எனக்கு வந்த கோபத்தில் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன். அடுத்த தெரு வரை நடந்தேன். திரும்பி வந்தபோது அவள் பழையபடி கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "தண்ணி வேணும்" என்றேன். கொண்டுவந்து கொடுத்தாள். சிரிக்காமல் கொடுத்தாள் என்று சொல்ல மாட்டேன்.

ஆகையால் உன்னிடமும் கேட்கிறேன். இது கட்டளை இல்லை. உனக்கு வேலை இருக்கிறது, சம்பளம் வரப்போகிறது, கட்டளைக்கு நீ கட்டுப்பட வேண்டியதில்லை. உன் அப்பா நான் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். அந்தக் காகிதத்தை எழுதாதே. வெள்ளிக்கிழமை வைத்தியின் வீட்டுக்குப் போ, காபி கொடுத்தால் குடி, மரியாதையாகவே பேசு. முழங்கால் நன்றாக இருக்கிறது, முகாமுக்கு நான் போகிறேன், வேண்டாம் என்றால் காரணத்தை நீங்கள் எழுதிக் கொடுங்கள் என்று கேள். அவர் தோளில் கை போடுவார். போடட்டும். உன் கால் மட்டும் நகரக்கூடாது.

அன்றைக்கு நான் ஆபீசுக்கு லீவு போட்டிருக்கிறேன். அவர் வீட்டுக்கு எதிர்வரிசையில் ஒரு சைக்கிள் கடை இருக்கிறது. அதன் வாசலில் நிற்பேன். உள்ளே என்ன நடந்தாலும் நானாகத் தெருவைத் தாண்டி வரமாட்டேன். உன் கழுத்து நரம்பைப் பார்த்து, நீ சொல்லாமலே வந்து தோள் கொடுக்க என்னால் முடியும். அது எனக்குக் கைவந்த வேலை. செய்யமாட்டேன். அப்படி ஒருவர் வருவார் என்று காத்திருந்துதான் நான் என் வாழ்நாளைக் கழித்தேன். வேண்டுமென்றால் ஜன்னல் பக்கம் வந்து அப்பா என்று கூப்பிடு. தெரு முழுக்கக் கேட்கும்படி கூப்பிடு.

கூப்பிட்டால் வருவேன்.